வாடகைக் கார் கையில் இருக்கும் வரை

பிப். 5, 1985, செவ்வாய்

காலையிலிருந்து பொடிப்பனி. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்ட் வாசலில் வாடகைக் கார். சிவப்பு, சின்னது. கண்ணாடியைச் சுரண்டி வைத்தேன்.

இன்ஷூரன்ஸ் ஆள் போன் செய்தார். போன வாரம் லாரி இடித்த என் காரைப் பழுது பார்ப்பதில் பயனில்லையாம், ‘டோட்டல்’. அதன் விலை முடிவானதும் கூப்பிடுவார். தொகையைச் சொன்ன மூன்றாம் நாள் வாடகைக் காரைத் திருப்பித் தந்துவிட வேண்டும். செக் வர இரண்டு வாரம் ஆகலாம். என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. நானாக வாடகைக்கு எடுக்க வழியில்லை.

மகள் கல்பனாவுக்கு எட்டு மாதம். முதல் பிரசவம். மாப்பிள்ளை சுரேஷ் டெக்சாஸில், புராஜெக்ட் முடியவில்லை. அவள் அம்மா மெட்ராஸிலிருந்து வர மூன்று வாரம். ஆஸ்பத்திரி பிரின்ஸ்டனில். இங்கே நானும் அந்தக் காரும்தான்.

மேல்வீட்டு தாமஸ் யோசனை சொன்னார். “அங்கிள், அவன் ரேட் சொல்றது உங்க காதுல விழுந்தாத்தானே? போனையே எடுக்காதீங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அப்படியே பத்து நாள் ஓட்டினார்.”

சிரித்தேன். பிறகு சுரேஷைக் கூப்பிட்டேன். இனி இங்கே கூப்பிட்டால், இரண்டு முறை அடித்ததும் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும், அப்போதுதான் எடுப்பேன் என்றேன். தாமஸுக்கும் நான் வேலை செய்யும் பத்திரிகை ஆபீஸுக்கும் அதையே சொல்லியாயிற்று.

பிப். 6, புதன்

பனி நின்றது. ரோடு வழுக்கல். கல்பனாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மெதுவாக ஓட்டியதற்குப் பின்னால் ஹாரன். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ரத்தம், யூரின் எடுத்தார்கள். அடுத்த புதன் வரச் சொன்னார்கள். அதுவரை கார் இருக்க வேண்டும்.

பால், முட்டை வாங்கினேன். புளி தீர்ந்துவிட்டது.

பிப். 7, வியாழன்

லீவு போட்டேன். போன் காலையில் ஒருமுறை, மதியம் இரண்டு முறை. விடாமல் அடித்தது. இன்ஷூரன்ஸ்தான். முப்பது வருடம் மணி அடித்தால் பாய்ந்து எடுத்த கை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்பனா சோபாவில் படுத்தபடி: “அப்பா, நீங்க ரிப்போர்ட்டரா, கடன்காரரா?”

“கார் போயிட்டா உன்னை முதுகுல தூக்கிட்டுப் போறதா?”

“தூக்குங்க பார்ப்போம். என் வெயிட் தெரியுமா?”

சிரித்தாள். உடனே தலையைப் பிடித்துக்கொண்டாள். பாதம் வீங்கி, செருப்பு நுழையவில்லை. எட்டாம் மாதம் இப்படித்தான் இருக்குமோ? கேட்க வீட்டில் பெண்கள் யாருமில்லை. மாலையில் மறுபடி போன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப். 8, வெள்ளி

பனியும் மழையும். எழுந்ததும் போன், நீளமாக. எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு முறை அடித்து, நின்று, மறுபடி. சுரேஷ்.

“மாமா, ஏன் போனை எடுக்க மாட்டேங்கறீங்க? டாக்டர் ஆபீஸ்ல நேத்துலேர்ந்து ட்ரை பண்றாங்களாம். கடைசியில எனக்குக் கூப்பிட்டாங்க. யூரின்ல நிறைய புரோட்டீன். உடனே அட்மிட் பண்ணணும். இப்பவே கிளம்புங்க, ப்ளீஸ்.”

இரண்டு முறை அடித்து வைக்கும் ஏற்பாட்டை டாக்டர் ஆபீஸுக்குச் சொல்லவில்லை. தோன்றவே இல்லை.

அதே நாள், ஆஸ்பத்திரியில்

வழியெல்லாம் கல்பனா கண்ணை மூடியிருந்தாள். வெளிச்சம் கூசுகிறதாம். பிரஷர் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப்போகிறார்கள். இரண்டு பேருக்கும் ஆபத்தா என்று டாக்டரைக் கேட்டேன். நேற்றே வந்திருக்கலாம் என்றார்.

ஆபரேஷனுக்குத் தயார் செய்யும்போது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். காசு போடும் போனிலிருந்து இன்ஷூரன்ஸ் ஆளைக் கூப்பிட்டேன். கெஞ்சியாவது காரை இன்னும் சில நாள் கேட்கலாம் என்று. விலை இன்னும் முடிவாகவில்லை, அடுத்த வாரம்தான் என்றார். செவ்வாய்க்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே நடந்தேன். என் முகத்தைப் பார்த்துக் கல்பனா கேட்டாள்: “என்னப்பா? கார் போயிடுச்சா?”

“இல்லம்மா, இருக்கு. அவன் இன்னும் ரேட்டே போடலையாம். கூப்பிடவும் இல்லையாம்.”

“அப்ப அத்தனை தடவை அடிச்சது...”

ஆபரேஷன் தியேட்டர் கதவு வந்துவிட்டது. என்னை அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.