தனம் அக்கா வீட்டு டிவியில் நான்

3 பிப்ரவரி 1986

நூலகத்திலிருந்து திரும்பும்போது தேரடித் தெருவில் ஒரு பெண்மணி என்னை உற்றுப் பார்த்தாள். பழைய பழக்கம், உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டேன். அவள் எனக்குப் பின்னால் இருந்த வளையல் கடையைப் பார்த்திருக்கிறாள்.

இருபது வயதாகிறது. இன்னும் எதற்கு இந்த முகம் தயாராகிறது?

9 பிப்ரவரி

வந்தவாசிப் பக்கத்து வரனும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது இரண்டாவது. “நடிச்ச பொண்ணாமே, எங்களுக்கு ஒத்து வராதுங்க.”

அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். “அன்னிக்கே சொன்னேன். கேட்டீங்களா?”

அப்பாவுக்குக் கோபம். “அவ இன்னா ரெக்கார்டு டான்ஸா ஆடினா? குழந்தைங்க நாடகம்டி. ஒரு வாட்டி பார்த்திருந்தா இப்படிப் பேசுவானுங்களா?”

பார்க்கவில்லை. அதுதான். நான் டிவியில் வந்த இரண்டு வருஷமும் டிவி ஒளிபரப்பு சென்னையைத் தாண்டி இந்த ஊருக்கு வரவில்லை. இந்த வீட்டுக் கனகலதா நடித்தாள் என்ற பேச்சு மட்டும் வந்து சேர்ந்தது.

10 பிப்ரவரி

தூக்கம் வராததால் ஒரு விஷயத்தை எழுதி வைக்கிறேன். நானும் பார்த்ததில்லை.

மாம்பலத்தில் எங்கள் குடித்தனத்தில் டிவி கிடையாது. நான் நடித்த ‘பானைக்குள் நிலா’ நாடகம் ஒளிபரப்பான அன்று அப்பா என்னை ரேடியோ கடைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக்கு முன்னால் அவ்வளவு கூட்டம். அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்தும் தெரிந்தது ஒரு ஆளின் வழுக்கைத் தலை. என் குரல் மட்டும் கேட்டது, அதுவும் பஸ் ஹாரனுக்கு நடுவே. மறுநாள் தெருவில் முன்பின் தெரியாதவர்கள் “பேபி லதா” என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தி. எனக்கு மட்டும் தெரியாது.

அப்பா அச்சக வேலையை விட்டது அப்போதுதான். என்னை ஒத்திகைக்கு அழைத்துப் போக ஆள் வேண்டுமே.

பன்னிரண்டு வயதில் ஒரே கோடையில் வளர்ந்துவிட்டேன். தயாரிப்பாளர் அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்: “குழந்தை வளர்ந்துட்டாளே சார்.” ஏதோ நான் செய்த தவறு மாதிரி இருந்தது. அதன் பிறகு சினிமாக் கம்பெனிகளின் வாசல்கள். இரண்டு படங்களில் கூட்டத்தில் நின்றேன். பிறகு ஊர் திரும்பி, அப்பா நெல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

2 மார்ச்

பக்கத்து வீட்டுத் தனம் அக்கா டிவி வாங்கிவிட்டாள். மாடியில் பனைமரம் உயரத்துக்கு ஒரு குழாய், அதன் உச்சியில் ஆன்டெனா, கீழே பூஸ்டர். சென்னை நிலையம் தெரிகிறது — தெரிகிறது என்று சொல்கிறார்கள். திரை முழுக்கப் புள்ளி மழை. அதற்குள் ஆள் மாதிரி ஏதோ அசைகிறது. சத்தம் மட்டும் கொஞ்சம் தெளிவு.

“நம்ம மலைக்கு இந்தப் பக்கம் கீறதால இதாவது வருது,” என்றாள் அக்கா. “செங்கம் ரோட்டுக்காரங்க எவ்ளோ ஒசரம் ஏத்தினாலும் அண்ணாமலையார் மறைச்சிடுவாரு.”

அவள் கணவர் மாடியிலிருந்து குழாயைத் திருப்பிக்கொண்டே, “தெரியுதா? தெரியுதா?” என்று கத்தினார்.

“மூக்கு வந்துட்ச்சி, கண்ணு இன்னும் வர்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

20 மார்ச்

தனம் அக்கா ஓடிவந்து சொன்னாள், அறிவிப்பில் சொன்னார்களாம். அடுத்த வியாழக்கிழமை மாலை, நேயர்கள் விரும்பிக் கேட்டதால் மீண்டும் ‘பானைக்குள் நிலா’.

அப்பா இரண்டு முறை கேட்டார். “பேரைச் சரியா கேட்டியாம்மா?” பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வந்து சொன்னார்: போளூர்ப் பக்கத்து வரன் — வாத்தியார் பாகுபலியும் அவர் அம்மாவும் — அன்றைக்கே பெண் பார்க்க வருகிறார்கள். “அவங்களே கண்ணால பாக்கட்டும். அப்புறம் எவன் பேசுவான்?”

அவருக்கு என் கல்யாணம். எனக்கு — எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அவ்வளவு நன்றாக இருந்தாளா? இருந்திருந்தால், இந்த எட்டு வருஷத்துக்கும் ஏதோ ஒரு அர்த்தம் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

27 மார்ச்

வந்தார்கள். நாங்கள் நைனார் வீடு, சமணர்கள்; அவர்களும் அப்படியே. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டும். முடித்துக்கொண்டு எல்லோருமாகத் தனம் அக்கா வீட்டுக்குப் போனோம். பையனின் அம்மா குசுமாவதி பேசத் தயங்காதவர். “நாடகம்னா எப்டிப்பட்ட நாடகம்னு பாத்துட்டா மனசுக்குத் திருப்தி பாருங்க,” என்று முன்வரிசையில் உட்கார்ந்தார். பாகுபலி கடைசியில், கதவை ஒட்டி.

தொடங்கியது. புள்ளி மழைக்குள் ஒரு சிறுமி பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண் தெரியவில்லை, வாய் தெரியவில்லை. ஆனால் எவ்வளவு தைரியமாக நடந்தாள்! அரசர் பானைக்குள் எட்டிப் பார்க்க வரும்போது இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, “எட்டிப் பாக்காதீங்க ராஜா, நிலா பயந்துக்கும்” என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. குசுமாவதியம்மா என் கன்னத்தைத் தொட்டு விரலைச் சொடுக்கினார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். இவளைத்தானா நான் இத்தனை நாள் வெறுத்தேன்? இந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? வாழ்க்கையில் முதல்முறையாக என்மீது எனக்கு அன்பு வந்தது. நாடகம் முடியும்வரை இருந்தது.

முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அறிவிப்பாளர், இது புதிதாகத் தயாரிக்கப்பட்டது என்றார்; நடித்தவர்களின் பெயர்களைச் சொன்னார். சிறுமியாக, பேபி ஷீலா.

அப்பாவுக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, “தாம்பூலம் எடுத்துக்குங்க,” என்றார்.

28 மார்ச்

அவர்களுக்குச் சம்மதமாம்.

30 மார்ச்

அப்பாவிடம் கேட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள்.

“அது நான் இல்லப்பா.”

அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நீ நடிச்சது நிஜம்தானே? அதே கதை, அதே வசனம். நீ இதவிட நல்லாத்தான் செஞ்சே. நான் பார்த்தேன், ஸ்டுடியோல.” குரல் உடைந்தது. “வேற எதை நான் அவங்களுக்குக் காட்டுவேன், சொல்லு?”

நான் நடித்த பழைய பதிவு இருக்கிறதா என்று நிலையத்தில் எப்போதோ விசாரித்தாராம். நாடாவில் வேறு நிகழ்ச்சி ஏற்றிவிட்டார்களாம். அது அங்கே வழக்கம்தானாம். எனக்கு இத்தனை நாள் சொல்லவில்லை. அப்படியானால் அன்றைக்கு எந்த நம்பிக்கையில் அவ்வளவு பேரைக் கூட்டினார்? எங்காவது ஒரு பிரதி மிச்சமிருக்கும் என்று நினைத்தாரா? கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவார்.

13 ஏப்ரல்

நிச்சயம். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். பூ வைக்க வந்த குசுமாவதியம்மாவிடம், “அன்னிக்கு டிவியில வந்தது நான் இல்லீங்க. வேற குழந்தை,” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். “அய்ய, வெக்கத்தப் பாரு! என் சின்ன வயசு போட்டோவ காட்டினா நானும் அப்டித்தான் சொல்வேன்.” சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். பாகுபலியும் புன்னகைத்தார், நல்ல மனிதர் போலத்தான் இருக்கிறார். “அடக்கமா பேசறாங்கம்மா,” என்றார்.

இதற்குமேல் எப்படிச் சொல்வது? நான்தான் நான் என்பதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

2 ஜூன்

கல்யாணம் முடிந்தது. என்னை விட்டுவிட்டு ஊர் திரும்ப அப்பா பஸ் ஏறும்போது என் தலையில் கைவைத்தார். ஒரு வேலை முடிந்த ஆளைப் போலப் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் எழுப்பி உள்ளே அனுப்பினார்.

17 ஆகஸ்ட்

இங்கே எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அதை எழுதவேண்டும். நாள் முழுக்க வேலை. படிக்க எதுவும் கிடைக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பழைய வரலாற்றுப் புத்தகம் கொண்டுவந்தார். அதையே இரண்டாம் முறை படிக்கிறேன்.

5 அக்டோபர்

இன்று மாமியாரின் உறவினர்கள் வந்திருந்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும், “எங்க மருமவ டிவில வந்தவ. லதா, அந்த நிலா வசனத்தை ஒரு வாட்டி சொல்லும்மா,” என்றார் மாமியார். நான் மறுத்தேன். குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவரும், “சொல்லேன், ஆசைப்படறாங்க,” என்றார்.

சரி, எனக்காகவாவது ஒருமுறை என்று எழுந்து நின்றேன். என்னுடையதாகவே செய்ய வேண்டும் என்று நினைத்தேன். மாம்பலத்து லதா எப்படி நின்றாள், எங்கே நிறுத்தினாள் — யோசித்துப் பார்த்தேன். வழுக்கைத் தலைதான் நினைவுக்கு வந்தது.

இடுப்பில் கைவைத்துத் தலையைச் சாய்த்தேன்.

மாமியாருக்குத் தாங்கவில்லை. “பாருங்க, பாருங்க! அதே மாதிரி! கொஞ்சங்கூட மாறல.”