மருந்துக்கு ஒரு சட்டை

அண்ணி,

நேற்று மிச்சமான, பால் கலக்காத தே-ஓ தேநீரைத் துருப்பிடித்த குவாலிச் சட்டியில் ஊற்றி வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மை போலக் கறுத்துக் கிடக்கிறது. தேய்க்கத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்து உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

பீடோர்த் தோட்டத்தை விட்டு சிம்பாங் பூலாய்க்கு வந்து எத்தனை வருஷமானாலும், நமக்கு எதை விழுங்கவும் தே-ஓதான் வேண்டும். ரத்தம் குறைவென்று கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் கெட்டிச் சாயத்தில்தான் விழுங்கினீர்கள். ரத்தம் ஏறவேயில்லை. நான் முருகனுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். லீவில் வந்த உங்கள் மகள் கவிதா, நீங்கள் சாயத்தில் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா, தேயிலைத் துவர்ப்பு இரும்ப இறுக்கிப் புடிச்சுக்கும். அப்புறம் ஒடம்புல எப்படிச் சேரும்?”

“சேராட்டி போவுது. நீ யுனிவர்சிட்டில என்னதான் செய்யிறே, அதச் சொல்லுலா.”

“இதேதாம்மா. அந்தத் துவர்ப்புக்குப் பாலிஃபீனால்னு பேரு. அதையும் இரும்பையும் சேத்து மருந்துக்கு ஒரு சட்டை மாதிரி போடுறோம். கண்ணுக்கே தெரியாத நானோ உருண்டை. புத்துநோய்க் கட்டிக்குள்ள கொஞ்சம் புளிப்பா இருக்கும். அங்க போனாத்தான் சட்டை கழண்டு மருந்து வெளிய வரும்.”

“கேட்டியா செல்வி? நான் வயித்துக்குள்ள சும்மா கலக்குனதுக்கு இவளுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க!”

அன்று மூவரும் எப்படிச் சிரித்தோம்! தே-ஓவை நிறுத்தியும் உங்களுக்கு ரத்தம் ஏறவில்லை. பிறகுதான் ஈப்போ ஆஸ்பத்திரியில் குடலில் கட்டி என்றார்கள்.

மருந்து ஏற்ற ஏற்ற, கட்டியை விட நீங்கள்தான் கரைந்தீர்கள். ஒருநாள் கவிதாவின் கையைப் பிடித்து, “ஒஞ் சட்டை போட்ட மருந்த எனக்குக் குடேன்” என்றீர்கள்.

“அது இன்னும் எலிக்குத்தாம்மா. மனுசனுக்கு வர ரொம்ப வருசமாகும்.”

“நானும் எலி மாதிரிதானே கெடக்கிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து வெளியே போய் அழுதாள். பெற்ற தாய்க்குக்கூட இல்லாத மருந்து எதற்கு என்று நான்தான் பொரிந்தேன்.

“அவள ஏசாத செல்வி. தெரியாத மருந்தக் குடுத்து நான் போயிட்டா, அந்தப் புள்ள அப்புறம் அந்த வேலையத் தொடவே தொடாது. அது மனுசனுக்கு வந்துரணும்னு முருகனுக்குப் பால்குடம் வேண்டிருக்கேன். நான் இல்லாட்டி நீ எடு.”

உங்கள் கருமாதி முடிந்ததும் கவிதா, இனி லேப் பக்கமே போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள். உங்கள் வேண்டுதலைச் சொன்னேன். சில நாள் கழித்து அவளாகவே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வேண்டியது பலித்த பிறகுதான் பால்குடம் எடுப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அண்ணி. வருஷா வருஷம் எடுக்கிறேன். கோயில் படி ஏறும்போது முட்டி கழன்று விழுவதுபோல் இருக்கிறது. இந்தத் தைப்பூசத்தன்று கவிதா போனில் சத்தம் போட்டாள்.

“ஏன் அத்தை ஒடம்பக் கெடுத்துக்கிறீங்க? இன்னும் எலியோடதான் நிக்குது.”

“எலி யாரு வாகனம்டி? முருகனோட அண்ணன் வாகனம்லா. அண்ணங்காரரு தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா போயிருவாரு?”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே, “வேலை கெடக்கு, வெச்சிடறேன்” என்றாள்.

முட்டி வலி குறையவில்லை. இருந்தாலும் அடுத்த தைப்பூசத்துக்கும் குடம் என் தலையில்தான், அண்ணி.