திருகில்லாத கீல்

கதோரே,
செப்டம்பர் கடைசி ஞாயிறு.

அன்புள்ள டொனாத்தாவுக்கு எர்மீனியா எழுதுவது. உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே மலை உச்சியில் அதற்குள் பனி விழுந்துவிட்டது.

வழக்கில் ஜெயித்துவிட்டோம். என் கணவர் போர்த்தொலோவின் மூக்குக்கண்ணாடிப் பட்டறை தப்பியது. உனக்கு நன்றி சொல்ல எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல், பனியைப் பற்றி எழுதுகிறேன் பார்.

கண்ணாடிக் காம்பை மடக்கும் அந்தத் திருகில்லாத கீல் தங்கள் காப்புரிமை என்றது பெரிய கம்பெனி. அதைச் செய்யக்கூடாது என்றால் எங்களுக்குப் பட்டறையே இல்லை. கம்பெனியைத் திட்டவும் மனம் வரவில்லை. பாதிப் பள்ளத்தாக்கு அதில்தான் சாப்பிடுகிறது.

வசந்தத்தில் ஜெர்மனியிலுள்ள கடைகளுக்குத் திரும்பும் உங்களைப் போன்ற ஐஸ்கிரீம்காரர்களுக்கு இவர் புதுக் கண்ணாடி மாட்டி அனுப்புவாரே, அதைச் சொன்னதும் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "பூட்டி வைக்க வேண்டியதை ஊரான் மூக்குல மாட்டி அனுப்பிட்டீங்களேய்யா!" இவரோ, "கண்ணு தெரியாட்டி சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டிடுவாங்க சார்" என்றார். சிரித்துக்கொண்டிருந்த வக்கீல் சட்டென்று எழுந்து, "அந்தக் கண்ணாடி இப்பவும் யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார்.

என் வகுப்பில் ஒரு பையன் விடையை உரக்கச் சொல்லிவிட்டால், அப்புறம் இன்னொருவன் அதைத் தன் ரகசியம் என்று சொல்ல முடியுமா? காப்புரிமையும் அப்படித்தானாம். விண்ணப்பத்துக்கு முன்பே ஊர் பார்த்துவிட்ட பொருள் யாருக்கும் தனிச் சொத்தில்லை.

உன்னிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. நீ ஏன் எதற்கு என்று கேட்காமல் உன் கணவர் டிசியானோவின் கண்ணாடியை அனுப்பினாய். உங்கள் ஐஸ்கிரீம் கடைத் திறப்புப் படத்தையும் சுவரிலிருந்து கழற்றி அனுப்பினாய். பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கும் அவர் காதருகே கீல் பளிச்சென்று தெரிகிறது. பின்னால் தோரணத்தில் ஆண்டு. கம்பெனியின் விண்ணப்பம் அதற்கு வெகு பின்னால். அதற்குமேல் நீதிபதிக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

சோதனைக்காகக் கீலைப் பிரித்தார்கள். இவர் அதே துண்டுகளை வைத்தே மறுபடி பூட்டிவிட்டார். பட்டறைக்கு வரும் எந்தக் கண்ணாடியையும் துடைக்காமல் விடாத மனிதர், இதை மட்டும் அப்படியே வைத்திருந்தார். "துடைக்கலையா?" என்றேன். "ஓரத்துல டிசியானோ கைரேகை இருக்கு டீச்சர். அதைத் துடைக்க நான் யாரு?" என்றார்.

கண்ணாடியைத் தபாலில் அனுப்ப மாட்டேன், உன் கையில்தான் கொடுப்பேன் என்கிறார். டிசியானோ இறந்த பிறகு இரண்டு குளிர்காலமாக இங்கே உன் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. நவம்பரில் கடையைச் சாத்தியதும் வந்துவிடு. அந்த வீட்டில் தனியாகப் படுக்க முடியாவிட்டால் எங்கள் மாடியறை இருக்கிறது. பீட்ரூட் அடைத்த கொழுக்கட்டைக்குக் கசகசா வாங்கி வைத்திருக்கிறேன். யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள்; அழுதால் அழுதுவிட்டுப் போ. வா, டொனாத்தா.

கடவுள் உன்னைப் பத்திரமாக மலையேற்றிக் கொண்டுவரட்டும்.

வழி பார்த்திருக்கும்,
எர்மீனியா