கை வாயில் இருந்த நேரம்

மோதி பாக், தில்லி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாமாவுக்கு,

இளவரசி எழுதுகிறேன். நானும் நம் பெண் அனன்யாவும் நலம். உங்கள் முகாமில் பனி தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொள்ளுங்கள். இப்போது சிக்னல் நிற்காததால் போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அனன்யா வகுப்பில் பாதி நேரத்துக்கு மேல் கையைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள், சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள் என்று தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். ஆசிரியை கவனித்துக் குறித்த தாளையும் காட்டினார். வீட்டில் அப்படி இல்லையே என்றேன். தாய்க்கு அப்படித்தான் தெரியும் என்றார். திரும்பும்போது ஆட்டோவில் அழுதுவிட்டேன்.

மறுநாள், மருத்துவமனையில் அவளைப் பார்க்கும் உளவியலாளர் ஷ்ரேயாவிடம் போனேன். அவர் பள்ளியில் விசாரித்தார். ஒரு நிமிடத்தில் ஒரு நொடி கடித்தாலும் அந்த நிமிடத்துக்கே டிக் போட்டிருக்கிறார்கள். இவளோ அடிக்கடி கடித்தாலும் உடனே கையை எடுத்துவிடுகிறாள். ஷ்ரேயா அனுமதி வாங்கி ஒரு வகுப்பு முழுவதையும் வீடியோ எடுத்து, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தார். கை வாயில் இருந்தது வகுப்பு நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான். பிறகு ஒவ்வொரு நிமிடமும் முடிகிற கணத்தில் மட்டும் கை வாயில் இருக்கிறதா என்று பார்த்து, புதுத் தாளில் குறித்தார். ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கும் ப்ரணவை அவள் கிள்ளுவதும் வீடியோவில் இருந்தது. ஷ்ரேயாவின் அந்தப் புதுத் தாளில் அது விழவே இல்லை. கேட்டதற்கு, தில்லித் தமிழில் சொன்னார்: "அக்கா, எவ்ளோ நேரம்னு பாக்க இது டீக், சரியா வரும். கிள்றது ஒரு செகண்ட்ல முடிஞ்சுடும், அதை ஒண்ணொண்ணா எண்ணணும்."

தலைமையாசிரியையிடம் அதை மறைத்திருக்கலாம். ப்ரணவின் அம்மாவைத் தினமும் பள்ளி வாசலில் பார்க்கிறேன், மனம் வரவில்லை. தாளையும் காட்டினேன், கிள்ளுவதையும் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, இந்தப் பருவம் முடியும்வரை இருக்கட்டும், உதவிக்கு ஒருவர் அவளோடு உட்காரட்டும், கிள்ளுவது குறைகிறதா பார்ப்போம் என்றார். இப்போதைக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று. போன மாதம் வீடியோ காலில் அவள் கடிப்பதைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றீர்கள். அதற்கு என் பதில் இதுதான். லீவு கிடைத்ததும் இங்கே வாருங்கள். காலையில் அவள் எழுவதிலிருந்து தூங்கும்வரை ஒரு முழு நாள் கூடவே இருங்கள். அதன்பிறகு எது சொன்னாலும் பேசலாம். அதுவரை அந்த விடுதிக்குச் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மாமா.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
இளவரசி