பாத்துக் குடுங்க, சார்

11.11.91, திங்கள்

காலையிலிருந்து மழை. விட்டு விட்டு. பென்னலூரில் பஸ்ஸுக்கு நின்றே பாதி நனைந்தாயிற்று. டைப் இன்ஸ்டிட்யூட்டில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கு லோயர் பாடம் கொடுத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டு டைப் மிஷினுக்கு ரிப்பன் வாங்க மறந்துவிட்டேன். அடித்தால் எழுத்து சாம்பல் நிறத்தில் விழுகிறது.

வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்தார். பையில் ஒரு ஃபைல், நனையாமல் பிளாஸ்டிக் கவர் சுற்றி. கம்பெனி விதிமுறைப் புத்தகம். இங்கிலீஷில் முப்பத்தெட்டுப் பக்கம். லீவு, ஓ.டி., அபராதம், மிஷின் பாதுகாப்பு எல்லாம். தமிழில் ஆளுக்கொன்று அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்களாம். பர்சனல் ஆபீசர் என் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும், ரேட் எழுதிக்கொண்டு.

“ரேட்டெல்லாம் எழுதினு போவாத ஸ்டெல்லா. பாத்துக் குடுங்க சார்னு சொல்லு. மரியாதையா இருக்கும்.”

ஏன் என்று கேட்கவில்லை. எனக்கே தெரியும். அவரை பர்மனென்ட் ஆக்குவதா வேண்டாமா என்ற பேப்பர் ஜனவரியில் அதே ஆபீசர் மேஜைக்குத்தான் போகும்.

இந்த டைரியே அந்தக் கம்பெனி கொடுத்ததுதான். போன வருஷக் கடைசியில், தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்புக்கு எச்சரிக்கை போர்டுகளைத் தமிழில் எழுதித் தந்தேன். பாத்துக் குடுங்க சார் என்றேன். பார்த்தார்கள். டைரி ஒன்று, மிக்சர் பாக்கெட் ஒன்று. மிக்சர் அன்றைக்கே தீர்ந்தது.

12.11, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. வீடு முழுக்கக் கொடி.

இதுவரை பாத்துக் கொடுத்தவர்கள், ஞாபகம் வந்தவரை:

– நில புரோக்கர், பத்திர நகல்கள். ஒரு காலண்டர். முருகர் படம். எங்கள் வீட்டில் மாட்ட முடியாது, எதிர் வீட்டுக்குப் போயிற்று.
– சர்ச் திருவிழா நோட்டீஸ். ஜெபத்தில் பேர் சொன்னார்கள். அதுவும் எஸ்தர் என்று.
– ரைஸ் மில்காரர், பேங்க் லோன் மனு. நொய், ஒரு பை. லோன் அவருக்குக் கிடைத்துவிட்டது.
– ஹெட்மாஸ்டர் மகளுக்கு பயோடேட்டா. “நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதாம்மா.” அவ்வளவுதான்.
– ஒரே ஒருவர் கவரில் போட்டு ஐம்பது ரூபாய். எதிரில் திறந்து பார்க்கக்கூடாது, அது பழக்கம். வீட்டுக்கு வந்து பார்த்ததும் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, இவ்வளவுதானா. இரண்டும் உண்மை.

பாத்துக் குடுங்க என்றால் நல்ல பொம்பளை என்று பேர். பேர் மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருக்கிறது.

13.11, புதன்

ரிப்பன் கடை பூட்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயின்டர் முனுசாமி ஏணி மேல் நின்று டயர் கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தான். கம்பெனியில் என் போர்டுகளையும் அவன்தான் எழுதினான். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். வாய் மட்டும் பெரியது.

“இன்னா டீச்சர், உங்க மேல எனக்குக் கோவம். அந்த பிரஸ் ஷாப்பு போர்டு இங்கிலீஷ்ல நாலு வரி கீது. நீங்க நாலு வார்த்தைல முடிச்சிட்டீங்க. எனக்கு எழுத்துக்கு ஒன்றரை ரூபா. என் பொழப்பு இன்னா ஆவறது?”

அந்த போர்டு: கையை எடு. பிறகு மிதி.

இங்கிலீஷை அப்படியே மாற்றினால், மிதிகட்டையை அழுத்துமுன் இரு கைகளும் அச்சுப் பகுதியிலிருந்து முழுமையாக விலக்கப்பட்டுள்ளதை இயக்குபவர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று வரும். படித்து முடிப்பதற்குள் விரல் போய்விடும். அந்த நாலு வார்த்தைக்கு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அரிசி களையும்போதுதான் வந்தது.

“உங்களுக்கு இன்னா குடுத்தானுங்க?”

“டைரி.”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ரேட்டச் சொல்லணும் டீச்சர். சொல்லிட்டு வாய மூடிக்கணும். அடுத்து யாரு வாயத் தொறக்கறானோ அவன் காலி.”

இவன் ரேட் சொல்வதென்றால் ஏணியிலிருந்து இறங்கி, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வானாம். கையில் பிரஷ் இருந்தால் வேலைக்கு அலைகிறான் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

அந்த நேரம் பார்த்து டயர் கடைக்காரர் வெளியே வந்தார். “முனுசாமி, கீழ போன் நம்பரும் போட்டுடு. அதுக்குத் தனியா காசுலாம் இல்ல, இன்னா?”

“சரிண்ணா,” என்றான். ஏணி மேலேயே. பிரஷ் கையிலேயே.

என் பக்கம் திரும்பவில்லை. பஸ் வந்துவிட்டது போல நானும் நடந்துவிட்டேன். பாவம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது.

14.11, வியாழன்

நல்ல மழை. கரன்ட் இரண்டு தடவை போய் வந்தது.

ஃபைலில் முதல் நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். தமிழில் இரண்டரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எதுவும் விடவில்லை, சுற்றி வளைத்ததை மட்டும் எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்டால், நன்றாகச் செய்யச் செய்ய எனக்குக் காசு குறையும். சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

“அப்ப கொஞ்சம் நீட்டி எழுதேன்.”

“நீட்டுனா யாரு படிப்பாங்க?”

“இப்ப மட்டும் யாரு படிக்கிறா? உன் போர்டு பரவால்ல, சின்னதா கீது. லைன்ல எல்லாரும் மனசுக்குள்ள அதச் சொல்லிக்கினுதான் மிதிக்கிறோம். பழக்கமாயிடுச்சி.” சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

ஒரு வருஷமாக இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ரசம் ஊற்றும்போது அவருடைய கையைத்தான் பார்த்தேன். அந்த மிஷினுக்குள் நாள் முழுக்கப் போய் வருகிற கை. பத்து விரலும் இருக்கிறது. அவர் அப்பளம் இல்லையா என்றார்.

பக்கக் கணக்கு வேண்டாம். மொத்த வேலைக்கும் ஒரே தொகை. 1,200 என்று எழுதினேன். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். பயமாக இருந்தது. அடித்துவிட்டு 900. அதையும் அடித்துவிட்டு 1,200. புதுத் தாளில் டைப் அடித்து வைத்துவிட்டேன், மறுபடி கை வைக்க முடியாதபடி.

15.11, வெள்ளி

கம்பெனிக்குப் போனேன். நீலப் புடவை. கேட்டில் பேர் எழுதச் சொன்னார்கள்.

ஆபீசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மாதிரி. காபி வரவழைத்தார். என் தாளை வாங்கிப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா, ஆயிரத்து இருநூறா? பக்கத்துக்குப் பத்து ரூவான்னு போட்டாலும் முந்நூத்தி எம்பதுதான வருது?”

“பக்கக் கணக்கு வேணாம் சார். நான் சுருக்குனா எனக்கு நஷ்டம். நீட்டுனா படிக்கிறவங்களுக்கு நஷ்டம்.”

இதை பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அடுத்து அவர் கேட்டதற்கு எதுவும் யோசித்து வைக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரரு நம்ம பிரஸ் ஷாப்லதான இருக்காரு?”

“ஆமா சார்.”

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று. பாத்துக் குடுங்க சார் என்பது வாய்வரை வந்துவிட்டது. காபியைக் குடித்து உள்ளே தள்ளினேன். ஆறிப்போன காபி.

“சரி. பாத்துக்கிடுவோம்,” என்றார்.

ராத்திரி வீட்டில் இவரிடம் தொகையைச் சொன்னேன். “ஆயிரத்து எரநூறா?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை.

17.11, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் மாடியில். சர்ச்சுக்குப் போய் வந்தோம். கேட்காமலே அரைக் கிலோ கறி வாங்கி வந்தார். வெங்காயமும் அவரே அரிந்தார். இன்னா விசேஷம் என்றால், சும்மாதான் என்கிறார்.

18.11, திங்கள்

விசேஷம் தெரிந்துவிட்டது.

கம்பெனி லெட்டர். கையில் கொடுக்கவில்லை. மிஷின் உறைக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ‘தங்கள் கணவருடன் பேசி முடித்தபடி ரூ.600.’

சனிக்கிழமை ஆபீசர் கூப்பிட்டிருக்கிறார். இவர், “நீங்க பாத்துக் குடுங்க சார், வூட்ல நான் சொல்லிக்கிறேன்” என்றிருக்கிறார். கறி அதற்குத்தான்.

“பேப்பரு அவரு மேஜைல கீது ஸ்டெல்லா.”

“அது உங்க பேப்பரு. இது என்னுது.”

“அறநூறு ரூபா கம்மியா? வூட்ல குந்திக்கினு அடிக்கிறதுதான?”

கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். அப்படி ஒரு கோபம். யாரோ முன்பின் தெரியாதவர் என் விலையைக் குறைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அவர் பயமும் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக டெம்பரரி. தெரிந்தும் மனசு ஆறவில்லை.

19.11, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

இன்ஸ்டி.க்கு அரை நாள் லீவு. ஃபைலை அதே பிளாஸ்டிக் கவரில் சுற்றி கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே என் பழைய தாளும் ஒரு குறிப்பும். ‘மொத்தம் ரூ.1,200 என்றால் ஃபைலைத் திருப்பி அனுப்பவும். இல்லையென்றால் வருத்தமில்லை. ரேட் விஷயமாக என்னிடம் மட்டும் பேசவும்.’ தேய்ந்த ரிப்பன், சாம்பல் எழுத்து. படிக்க முடிந்தால் சரி.

வருத்தமில்லை என்பதும் பொய்தான். அந்த நாலு பக்கம் நன்றாக வந்திருந்தது.

அவரிடம் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. சாப்பிடாமல் படுத்தார். பிறகு எழுந்து சாப்பிட்டார்.

20.11, புதன்

எதிர் வீட்டு அம்மாள் ரேஷன் கார்டு மனு அடிக்க வந்தார். “எவ்ளோம்மா?” “மூணு ரூபாக்கா.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்துவிட்டுப் போனார். இவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் அவர் வந்தார். பையில் அதே பிளாஸ்டிக் கவர். மேஜை மேல் வைத்தார்.

“கூப்ட்டாரு. நீ பேசி முடிச்சேன்னுட்டுப் போன, உன் வீட்டம்மா ஃபைலத் திருப்பிட்டாங்க, இப்ப என்ன சொல்லுதன்னாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“நான் பேசினது தப்பு சார், ரேட்டு அவங்களதான் கேக்கணும், நான் பிரஸ் ஷாப்புன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. வாய மூடிக்கினு நின்னேன்.”

முனுசாமி சொன்னதை நான் இவரிடம் சொல்லவே இல்லை.

கவரைப் பிரித்தேன். என் தாள். 1,200 அடிபடாமல் இருந்தது. கீழே ஆபீசர் கையெழுத்து, பச்சை மசியில்.

“உங்க பர்மனென்ட் பேப்பரு?”

“கேக்கல. அது ஜனவரில.” சட்டையைக் கழற்றினார். பட்டன் சட்டென்று வரவில்லை. நான் போய்க் கழற்றிவிட்டேன்.

நாளைக்கு ரிப்பன். இரண்டாக வாங்கணும்.