நேரலையில் மாமாவும்

என் செல்ல மருமகளே,

நாளை வானொலியில் உன் பேட்டியும் வயலினும் நேரலையாமே! தொகுப்பாளர் போனில் உன்னைப் பற்றி விசாரித்தார். உன் குருவே நான்தான் என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

"அப்போ நீங்களும் வாங்க சார், ரெண்டு பேரும் சேர்ந்தே வாசிச்சிரலாம்!" என்றுவிட்டார் மனுஷன்.

எனக்கென்ன பயம்? வில்லை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் மட்டும் சின்னச் சந்தேகம். நேற்றிலிருந்து சாப்பாடு இறங்காததற்கு வெயில்தான் காரணம். நாளை என் விரலில் போட்டிருக்கும் துணிக்கட்டைப் பார்த்துப் பதறாதே, அடியெல்லாம் இல்லை. "மாமாவுக்குக் கை சரியில்ல" என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு.

உண்மையைத்தான் சொல்வேன் என்று அடம்பிடித்தால், உன் முதல் கச்சேரியில் எழுந்து நின்று கைதட்டிய ஒரே ஆள் நான் என்பதையும் சேர்த்துச் சொல். அதில் நான் எதையும் கூட்டவில்லை.

படபடப்பே இல்லாத
உன் தாய்மாமா