முழங்கையை மடக்கிக் கட்ட வைத்தவன்

நானா,

இன்று காலையும் வலது முழங்கையிலிருந்து துவாயை அவிழ்த்தேன். பழைய துவாய்; இரண்டாய் மடித்து, கையைச் சுற்றி உருட்டி, பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டு படுக்கிறேன். தூக்கத்தில் கை மடங்காமல் இருக்கத்தான் இந்தக் கோலம். "கைக்குக் குளிருதாங்க? ஸ்வெட்டர் ஒன்னு பின்னித் தரட்டா?" என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் துவாயை மடித்து வைக்கும்போது அண்ணனாய் இருந்த உங்கள் ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

எனக்கும் வந்துவிட்டது, நானா. மகள் கல்யாணம் முடித்து கட்டாருக்குப் போனதிலிருந்து, கடை மேசையில் முழங்கையை ஊன்றி, போனைக் காதில் வைத்தால் ஒரு மணி நேரம். அவள் பேசுவாள், நான் "ம்" போடுவேன். இரண்டு மாதத்தில் சின்ன விரல் விறைத்தது. வைத்தியம் கேட்டால் ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன், என் கைக்கு மட்டும் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபி மிஸ்ஸிடம் அனுப்பினார்.

"சின்ன விரலும், அதுக்குப் பக்கத்து விரல்ல பாதியுமா விறைக்குது?" என்று அந்த மிஸ் கேட்டதும் உங்கள் கை ஞாபகம் வந்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறதாம். கதவில் இடித்தால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த இடம். ஊன்றினால் அது நசுங்கும், மடக்கினால் இழுபடும். "ஊன்றாதீங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க. முக்கியமா, ரொம்ப நேரம் மடக்கியே வைக்காதீங்க. விரல்ல பலம் குறைஞ்சா ஒரு நாளும் தள்ளிப் போடாம ஓடி வாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மடக்கி வைக்காதீங்க என்பதிலேயே நான் நின்றுவிட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் தம்புள்ளைச் சந்தைக்குப் போய் என் கடைக்கு மரக்கறி ஏற்றி வருவோம். பதினாறு வருடம் உங்கள் லொறி, உங்கள் பக்கத்து சீட். போகும்போதும் வரும்போதும் உங்கள் வலது முழங்கை ஜன்னல் விளிம்பில்தான் இருக்கும். அந்த இடத்தில் பெயின்ட் போய்த் தகரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதைக் காட்டி, "மூத்த பிள்ளைக்கு லொறி, ரெண்டாவதுக்கு இந்தக் கண்ணாடியா நானா?" என்று கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் நாவுல என்ற ஊரைத் தாண்டியதும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து உதறினீர்கள்.

"தம்பி, இந்த ரெண்டு வெரலும் என்ட கைல இல்லாத மாதிரி ஈக்குது."

"மூட்டை புடிச்சதுல சுளுக்கி இருக்கும் நானா. கட்டுப் போட்டா சரி."

ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். அடுத்த வாரமே சிங்கள நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர் எடுத்த மனிதர். என்ன வருத்தம் என்று உங்களைத்தான் கேட்டார். நீங்கள் வாயைத் திறக்குமுன் நானே சிங்களத்தில் முந்திக்கொண்டு, சாமான் தூக்கும்போது முழங்கை சுளுக்கிவிட்டது என்று சொன்னேன். விரல் விறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுளுக்கு என்று கேட்டவர் சுளுக்குக்குத்தான் கட்டினார். பச்சிலை அரைத்துப் பூசி, முழங்கையை மடக்கி, இறுக்கிக் கட்டி, கழுத்தில் தொங்கவிட்டார். மூன்று வாரம்.

கட்டை அவிழ்த்த பிறகு எப்படி என்று கேட்டேன். "கொஞ்சம் கொணம்" என்றீர்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் நான்தான் கூட்டிப்போனேன் என்று பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் மகளின் கல்யாணம் வந்தது. பெண்ணின் வாப்பா என்பதால் எல்லோரும் சாப்பிட்ட பின்தான் நீங்கள் உட்கார்ந்தீர்கள். நானும் காத்திருந்து உங்கள் சஹனிலேயே உட்கார்ந்தேன். பெரிய தட்டில் சோறு, சுற்றி ஆறு பேர், ஆறு கை. உங்கள் கையில் மட்டும் சோறு நிற்கவில்லை. சின்ன விரலும் பக்கத்து விரலும் வளைந்து ஒதுங்கி நின்றன. அள்ளியது வாய்க்குப் போகுமுன் பாதி உதிர்ந்தது. பக்கத்தில் இருந்த நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது வேறு.

"கோழிக்குத் தீனியா போடுறீங்க நானா? ஆறு பேர்தானே இருக்கோம், கோழி ஒன்னையும் காணலியே."

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "வயிறு ரொம்பிட்டு தம்பி" என்று எழுந்து கை கழுவப் போனீர்கள். நாலு வாய்கூட உள்ளே போயிருக்காது. பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் நீங்கள் வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்ததும் நானாவுக்குப் பெருமை வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு பகிடி விட்டேன்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்த பிறகுதான் நீங்களாகவே கிளினிக்குக்குப் போனீர்கள். நரம்பின் ஓட்டத்தைச் சோதித்துவிட்டு, ஒப்பரேஷன் செய்தால் இதற்கு மேல் மோசமாகாமல் தடுக்கலாம், வற்றிய சதை திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்களாம். லொறியை விற்றீர்கள். ஒப்பரேஷனுக்குக் குறித்த தேதி வருமுன் நெஞ்சு வலி வந்து, ஒரே நாளில் போய்விட்டீர்கள்.

மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். மதினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"மதினி, கைய மடக்கியே வைக்கக் கூடாதாம். மூனு வாரம் மடக்கிக் கட்ட வச்சது நான்தான்."

அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கட்ட அவுத்த அண்டைக்கே அவங்களுக்குத் தெரியும். வெரல் ரெண்டும் முந்தி இருந்ததை விட மோசம். சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாம என்னைக் கூப்பிட்டாங்க."

"எனக்கு கொணம்னுதானே சொன்னாரு?"

"ஒங்களுக்குச் சொல்ல வேணாமெண்டுட்டாங்க. 'தம்பி ஆசைல கூட்டிட்டுப் போனான், கேட்டா மனசு ஒடஞ்சி போவான்' எண்டாங்க."

நானா, அன்றைக்கே சொல்லியிருந்தால், என் வாய்க்கொழுப்பெல்லாம் அடங்கி, உங்களை அதே லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். இல்லை, ஓடாமல் வேறொரு கட்டுக்காரனைத் தேடியிருப்பேனோ என்னவோ. என்னை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சஹனில் என் வாயையாவது பொத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

ஏசத் தெரியாத மனிதரா நீங்கள்? முட்டைக்கோவா மூட்டையைத் தார்ப்படங்கு போட்டு மூடாமல் மழையில் நனையவிட்டதற்கு தம்புள்ளையிலிருந்து பலாப்பத்வெல வரைக்கும் மூச்சு விடாமல் என்னை ஏசிக்கொண்டு வந்தீர்கள். ஒரு கோவாவுக்கு அவ்வளவு ஏச்சு. கைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இரண்டு நாளில் மறந்தும் இருப்பேன். நீங்கள் ஏசாமல் விட்ட அந்த ஏச்சை இப்போது நானே எனக்கு ஏசிக்கொண்டிருக்கிறேன். உங்களைப் போல எனக்கு ஏசவும் வரவில்லை, நானா.